வீட்டு வண்டியும் ஏழு தீவும்

சென்னைக்காரருக்கு நெடுந்தீவு ஒரு செய்தித் தலைப்பு. 'நெடுந்தீவு அருகே மீனவர்கள் கைது' என்று படித்துவிட்டு அடுத்த பக்கம் புரட்டுவோம். அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு ஊர் இருக்கிறது, அங்கே பவளக்கல் அடுக்கிய மதில்களுக்கு நடுவே சொந்தக்காரரில்லாத குதிரைகள் மேய்கின்றன, மீனம்பாக்கத்தில் ஏறினால் ஒன்றேகால் மணி நேரத்தில் யாழ்ப்பாணத்தில் இறங்கிவிடலாம் என்பதெல்லாம் இப்போதுதான் மெல்லப் பேசப்படுகிறது. பேச்சோடு ஒரு யோசனையும் கிளம்பியிருக்கிறது. நல்லூர்க் கந்தசாமி கோயில் திருவிழா முடிந்து கூட்டம் கலைந்த பின், படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ள ஒரு வேனை வாடகைக்கு எடுத்து யாழ்ப்பாணத் தீவகத்தை நிதானமாகச் சுற்றி வந்தால் என்ன?

யோசனை அழகானது. அழகாக இருக்கிறது என்பதற்காகவே அதை உரசிப் பார்க்க வேண்டும். இதில் இரண்டு கூற்றுகள் கலந்து கிடக்கின்றன. ஒன்று வண்டியைப் பற்றியது, மற்றது காலத்தைப் பற்றியது. இரண்டையும் பிரித்து எடுத்தால்தான் எது தேறும், எது தேறாது என்று தெரியும்.

முதலில் வண்டி. கேரவன் என்றாலே கோடம்பாக்கம் பக்கம் படப்பிடிப்புத் தெருவில் நிற்கும் நடிகர்களின் வண்டிதான் நமக்கு நினைவுக்கு வரும். ஆனால் வேனில் குடும்பமே ஏறிப் போவது மயிலாப்பூருக்குப் புதிதல்ல. டெம்போ டிராவலரில் நவக்கிரகக் கோயில்களைச் சுற்றுவதும், கேஸ் அடுப்பும் அரிசி மூட்டையும் சமையல்காரருமாக வடநாட்டு யாத்திரை போவதும், வழியில் மரத்தடி பார்த்துப் புளியோதரையைப் பிரிப்பதும் இரண்டு தலைமுறைப் பழக்கம். வீட்டு வண்டி அந்தப் பழக்கத்தின் குளிரூட்டப்பட்ட வடிவம், அவ்வளவுதான். 2021-ல் கேரள அரசு கேரவன் சுற்றுலாவுக்கென்றே ஒரு கொள்கையை அறிவித்து வண்டி நிறுத்தும் பூங்காக்களுக்கு வழிசெய்தபோது, 'நாமும் போகலாமே' என்று இங்கே பலருக்குத் தோன்றியதில் வியப்பில்லை.

இதன் ஆதரவாளர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. எழுபதைத் தாண்டிய பெற்றோரை அழைத்துக்கொண்டு போகிறவருக்கு முதல் கவலை கோயிலும் கடற்கரையும் அல்ல, கழிப்பறை. பெண்கள் பயணத்தில் தண்ணீர் குடிக்காமலே வருவதற்குக் காரணமும் அதுதான். அதை வண்டியிலேயே வைத்துக்கொண்டு போவது ஆடம்பரம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரண்டாவது வாதம், வண்டியிலேயே சமைத்துக்கொள்ளும் சைவச் சாப்பாடு. மூன்றாவது, நினைத்த இடத்தில் நிற்கலாம், ஓட்டல் அறைக்கு ஓட வேண்டாம் என்ற சுதந்திரம். மூன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டு தீவகத்தின் வரைபடத்தை விரிப்போம்.

சென்னையிலிருந்து சொந்த வண்டியோடு போவது நடக்காத காரியம். எழும்பூரில் ஏறித் தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார், மறுபடி ரயில் என்றிருந்த போட் மெயில் வழி 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடியோடு உடைந்தது. பிறகு ராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980-களின் நடுவில் நின்றது. யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு விமானம் 2019-ல் தொடங்கி, கொரோனாவில் நின்று, 2022 டிசம்பரில் திரும்பியது. 2024 செப்டம்பரில் இன்னொரு நிறுவனமும் சேர்ந்துகொண்டது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் கப்பல் விட்டார்கள். சில நாளிலேயே பருவக்காற்றைக் காரணம் காட்டி நிறுத்தி, மறு ஆண்டு ஆகஸ்டில்தான் மீண்டும் ஓட்டினார்கள். அதுவும் ஆட்களையும் மூட்டைகளையும்தான் ஏற்றும், வேனை ஏற்றாது. ஆகவே வண்டியை இலங்கையில்தான் வாடகைக்கு எடுக்க வேண்டும். நம் ஓட்டுநர் உரிமம் அங்கே அப்படியே செல்லாது, தனி அனுமதி வாங்க வேண்டும். இதெல்லாம் தொல்லைதான், தடை அல்ல.

தடை கடலில் இருக்கிறது. தீவகத்தை ஏழு தீவு என்று எண்ணுவது வழக்கம்: வேலணை, புங்குடுதீவு, காரைநகர், நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு, எழுவைதீவு. இவற்றில் சாலை போகும் தீவுகள் முதல் மூன்று மட்டுமே. யாழ்ப்பாணக் கோட்டைக்கு அருகே பண்ணைத் தாம்போதியில், அதாவது கடல்மேல் போட்ட சாலையில், ஏறினால் மண்டைதீவுச் சந்தி, வேலணை, பிறகு இன்னொரு தாம்போதி, புங்குடுதீவு, கடைசியில் குறிகட்டுவான் இறங்குதுறை. வண்டி அங்கே நின்றுவிடும். மற்ற நான்கு தீவுகளுக்கும் படகுதான். நயினாதீவு கண்ணுக்கெட்டும் தூரம், கால் மணி நேரப் படகு. நெடுந்தீவு ஒரு மணி நேரம். காரைநகருக்கும் வேலணைத் தீவின் ஊர்காவற்றுறைக்கும் நடுவே குறுகிய கடலைக் கடக்கும் மிதவைப் பாதை உண்டு. அதை நம்பி வீட்டு வண்டியைக் கொண்டுபோகிறவர் துணிச்சல்காரர்.

இப்போது கணக்குப் பாருங்கள். போக விரும்புவதற்குக் காரணமான இடங்களில் பெரும்பாலானவை வண்டி போகாத பக்கத்தில் இருக்கின்றன. நயினாதீவின் நாகபூசணி அம்மன் கோயில் அங்கே. அதற்குச் சற்றுத் தள்ளி நாகதீப விகாரை, சிங்கள யாத்திரிகர் வெள்ளுடையில் வந்து இறங்கும் இடம், அங்கே. மணிமேகலையின் மணிபல்லவம் நயினாதீவுதான் என்று சிலரும், இல்லவே இல்லை என்று சிலரும் வாதாடுவார்கள். 1898-ல் அந்தக் காப்பியத்தை அச்சேற்றிய உ.வே.சா.வின் பெயரில் பெசன்ட் நகரில் நூல்நிலையம் வைத்திருக்கும் நாம், வழக்கில் எந்தப் பக்கம் என்றாலும், அந்தத் தீவை ஒரு முறை பார்ப்பதில் தவறில்லை. நெடுந்தீவின் டச்சுக் கோட்டைச் சிதைவு, புறாக்கூடு, பெருத்த அடிமரத்துப் பெருக்கு மரம், போர்த்துக்கீசர், டச்சுக்காரர் காலத்துக் குதிரை வளர்ப்பின் மிச்சமான மந்தை எல்லாம் கடலுக்கு அப்பால். ஆக, பணம் கொடுத்து எடுத்த படுக்கையும் அடுப்பும் கழிப்பறையும் குறிகட்டுவானில் வெயிலில் நிற்கும். அம்மா படகில் ஏறுவார். கழிப்பறை வாதம் அவருக்குத் தேவைப்படும் அந்த நேரத்தில்தான் கைவிடுகிறது.

சைவச் சாப்பாட்டு வாதமும் இங்கே நிற்காது. நயினாதீவுக் கோயிலை ஒட்டி அமுதசுரபி என்ற பெயரிலேயே அன்னதான மண்டபம் உண்டு. மணிமேகலையின் பாத்திரத்தை நம்பி மயிலாப்பூர்க்காரர் அங்கே தைரியமாக உட்காரலாம்.

வட ஸ்காட்லாந்துத் தீவுகளை உதாரணம் காட்டுவார்கள். பயணக் காணொளிகளில் நாம் பார்த்து மயங்குவது அதைத்தான். ஷெட்லாண்ட், ஆர்க்னி, வெளி ஹெப்ரிடிஸ் தீவுகளில் கோடைக் கூட்டம் கலைந்த செப்டம்பர் கடைசியில், மங்கிய வெயிலில், வேனில் ஊர் ஊராகப் போவது உண்மையிலேயே சிறப்பான பயணம்தான். ஆனால் அங்கே வேன் பொருந்துவதற்குக் காரணம் நிலக்காட்சி அல்ல, கப்பல். வண்டியோடு உள்ளே ஓட்டிப் போய் வண்டியோடு வெளியே வரும் கப்பல்கள் தீவுக்குத் தீவு ஓடுகின்றன. 2008-ல் வெளி ஹெப்ரிடிஸ் கப்பல்களில், அதே தூரத்தைச் சாலையில் ஓட்டினால் என்ன செலவாகுமோ அதை ஒட்டிக் கட்டணத்தை இறக்கினார்கள். வேன்கள் பெருகின. பெருகியதும் உள்ளூர்க்காரர் மருத்துவமனைக்குப் போகக் கப்பலில் இடம் கிடைக்கவில்லை என்றும், கழிவைச் சாலையோரம் கொட்டுகிறார்கள் என்றும் முறையிட ஆரம்பித்தார்கள். பெருநிலத்தின் வடபகுதியை ஆளும் ஹைலாண்ட் கவுன்சில் 2024-ல், ஏழு இரவுக்கு 40 பவுண்டு என்று வேன்காரர்கள் விரும்பிச் செலுத்தும் ஒரு திட்டத்தையே கொண்டுவந்தது. எல்லா ஏற்பாடும் உள்ள நாட்டிலேயே கதை இது. வேனை ஏற்றும் கப்பலும், கழிவை இறக்கும் இடமும், பணம் வாங்கும் அலுவலகமும் இல்லாத குறிகட்டுவானில் என்ன ஆகும்?

கழிவு என்றதும் வரும் விஷயம்தான் எனக்கு மிக முக்கியமானது. யாழ்ப்பாணக் குடாநாடும் தீவுகளும் சுண்ணாம்புப் பாறை. வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. மழைநீர் பாறையின் பொந்துகள் வழியே இறங்கி, கீழே இருக்கும் உப்புநீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. கிணறுகள் அந்தப் படலத்தைத்தான் தொடுகின்றன. நன்னீரின் மட்டம் ஓரடி இறங்கினால் கீழிருந்து உப்புநீர் ஏறத்தாழ 40 அடி மேலேறும் என்பது கடலோர நிலத்தடி நீரின் அடிப்படை விதி. திருவான்மியூரிலும் பெசன்ட் நகரிலும் ஆழ்துளைக் குழாய் உப்பு கரித்ததைப் பார்த்தவர்களுக்கும், 2019 கோடையில் அடையாறில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றவர்களுக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. பொந்துப் பாறை என்பதால் மேலே கொட்டுவது நேரே கீழே போகும். குடாநாட்டின் சுன்னாகத்தில் மின் நிலையக் கழிவெண்ணெய் சுற்றுவட்டாரக் கிணறுகளில் கலந்து, வழக்கு இலங்கை உச்ச நீதிமன்றம் வரை போய், 2019-ல் இழப்பீட்டு உத்தரவு வந்தது.

வீட்டு வண்டியின் தொட்டி பெரும்பாலும் 100 லிட்டரைச் சுற்றி இருக்கும். நான்கு பேருக்கு ஒரு நாளைக்கே காணாது. நிரப்ப வேண்டும், நிரப்பியதைக் கழிவாக இறக்கவும் வேண்டும். யாழ்ப்பாண நகரத்திலிருந்தே தண்ணீர் கொண்டுபோய், கழிவையும் அங்கேயே திருப்பிக் கொண்டுவருகிற ஒழுங்கான ஆள் இருக்கலாம். அப்படிப்பட்டவர் தீவுக்குச் சுமையே இல்லை, விடுதியில் ஷவரைத் திறந்துவிட்டு நிற்பவரைவிட அவர் மேல். இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் ஒழுங்கான ஒருவரை வைத்து ஒரு பயண முறையை மதிப்பிட முடியாது. காணொளி பார்த்துப் பின்னால் வரும் பத்துப் பேரை வைத்துத்தான் மதிப்பிட வேண்டும்.

மின்சாரமும் தண்ணீரைப் போலவே தீவுகளில் எண்ணிச் செலவழிப்பது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் இலங்கையின் தேசிய மின்தொடரில் சேராதவை, டீசல் ஜெனரேட்டரை நம்பியே விளக்கெரித்தவை. அங்கே சூரியஒளியும் காற்றாலையும் அமைக்க இந்தியா 1 கோடியே 10 லட்சம் டாலர் மானியம் தர ஒப்புக்கொண்டது நம் நாளிதழ்களில் வெளியுறவுச் செய்தியாக வந்தது. தீவுக்காரருக்கு அது மின்விசிறிச் செய்தி.

இவற்றையெல்லாம் ஒதுக்கி வைத்தாலும் ஒன்று உறுத்துகிறது. புங்குடுதீவிலோ வேலணையிலோ ஒரு சுற்று வந்தவர் கவனிக்காமல் இருக்க முடியாதது, பூட்டிய வீடுகள். கூரை போனவை, ஆலம் விழுது இறங்கியவை, புதிதாக வெள்ளையடித்தும் ஆளில்லாதவை. கொழும்பில் கடை வைக்கப் போனவர்கள் முதலில் கிளம்பினார்கள். 1990-களின் தொடக்கத்துப் போர் மிச்சமிருந்தவர்களை ஒரேயடியாகக் கிளப்பியது. டொராண்டோவிலும் பாரிசிலும் சூரிச்சிலும் இருந்துகொண்டு கோயிலுக்குக் கோபுரம் கட்டப் பணம் அனுப்புகிறார்கள். நயினாதீவு ஆனித் திருவிழாவுக்கும் நல்லூருக்கும் வந்து வீட்டைத் திறந்து, கூட்டிப் பெருக்கி, ஆவணி கழிந்ததும் பூட்டிவிட்டுப் போகிறார்கள். வீடுகள் மிஞ்சி ஆட்கள் குறைந்த அந்த ஊருக்கு, கூடுதலாக ஒரு வீட்டைச் சக்கரத்தில் உருட்டிக்கொண்டு போவது என்ன நியாயம்? வண்டிக்குள்ளேயே சமைத்து, வண்டிக்குள்ளேயே உறங்கி, ஜன்னல் வழியாகத் தீவைப் பார்த்துவிட்டு வருபவரால் அங்கே எஞ்சியிருக்கும் குடும்பத்துக்கு ஒரு பிட்டுக்கும் சம்பலுக்கும் ஆன காசுகூடப் போய்ச் சேராது.

அங்கே எஞ்சியிருப்பவரோடு பேசுவதற்கு நமக்குக் காரணங்களும் இருக்கின்றன. ஊர்காவற்றுறையை ஒட்டிய கரம்பொனில் 1913-ல் பிறந்தவர் தமிழறிஞர் தனிநாயகம் அடிகள். 1968-ல் சென்னையில் நடந்த உலகத் தமிழ் மாநாட்டுக்கு அடிப்படை போட்டவர் அவர். மாநாட்டையொட்டி எழுந்த சிலைகளைப் பார்த்தபடிதான் இன்றும் மெரினாவில் நடைப்பயிற்சி போகிறோம். தரமணியில் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம் இருப்பதன் பின்னாலும் அவருடைய உழைப்பு உண்டு. இன்னொரு காரணம் அவ்வளவு இனிமையானதல்ல. நாம் தலைப்பில் படிக்கும் கைதுகளுக்கு அந்தக் கரையில் வேறொரு முகம் இருக்கிறது. நம் இழுவை மடிப் படகுகள் இரவில் வந்து வலையை அறுத்துக்கொண்டு போகின்றன என்பது நெடுந்தீவு மீனவரின் நெடுநாள் குறை. சென்னையிலிருந்து வந்திருக்கிறோம் என்று சொன்னதும் அது காதில் விழலாம். விழட்டும். 1985 மே 15 அன்று குமுதினிப் படகில் போன நெடுந்தீவுப் பயணிகள் நடுக்கடலில் கொல்லப்பட்டதையும், அதே படகு பழுது பார்க்கப்பட்டு மீண்டும் அதே வழியில் பல ஆண்டு ஓடியதையும் யாராவது சொல்லக்கூடும். வேனின் கதவைச் சாத்திக்கொண்டவருக்கு இவற்றில் எதுவும் கேட்காது.

தங்க இடம் தேடுவோருக்கு, காரைநகருக்கு எதிரே கடலுக்குள் நிற்கும் ஹம்மன்ஹீல் கோட்டையில் இலங்கைக் கடற்படை ஒரு விடுதி நடத்துகிறது. வசதியானது என்கிறார்கள். அங்கே தங்குவதா என்பதை அவரவர் மனத்துக்கு விடுகிறேன், என் மனம் இடம் தரவில்லை.

இனி காலம். பருவக் கடைசியில் போவது நல்லது என்ற கூற்று பாதிதான் சரி. எந்தப் பருவத்தின் கடைசி என்று கேட்க வேண்டும். யோசனை சொல்பவர்கள் மனத்தில் வைத்திருப்பது விருந்தினர் பருவம்: ஆனியில் நயினாதீவில் தொடங்கி, ஆவணி அமாவாசையில் நல்லூர்த் தீர்த்தத்தோடு முடிவது. நல்லூரின் 25 நாளும் யாழ்ப்பாணத்தில் அறைக்கு அடிபிடி. அது ஓய்ந்த புரட்டாசியில் விலை இறங்கும், படகில் உட்கார இடம் கிடைக்கும், கோயிலில் அம்மனை நெருங்கி நின்று பார்க்கலாம். சோளகம் என்ற தென்மேற்குக் காற்று தணிந்து வாடை தொடங்காத அந்தச் சில வாரங்களில் கடலும் ஓரளவு அடங்கியிருக்கும். இவ்வளவும் உண்மை.

ஆனால் புரட்டாசி தீவின் தண்ணீர்க் கணக்கில் ஆண்டின் அடிமட்டம். மழை ஐப்பசியில்தான் இறங்கும். அதற்கு முன் மாதங்கள் வறண்டு, கிணற்றில் படலம் மெலிந்து, உப்பு ஏறியிருக்கும். நெடுந்தீவுக் குதிரைகள் குட்டை தேடி அலைவதும், கடும் வறட்சி ஆண்டுகளில் செத்து விழுவதும் இந்த மாதங்களில்தான். நமக்கு அமைதியாகத் தெரியும் மாதம் தீவுக்காரர் குடத்தை எண்ணும் மாதம். ஓரிரு வாரம் பிசகினால் ஐப்பசி மழை. நாகப்பட்டினக் கப்பல் நிற்கும், நெடுந்தீவுப் படகும் எந்தக் காலை நிற்கும் என்று சொல்ல முடியாது.

தீவுக்கென்று வேறொரு பருவக் கடைசி இருக்கிறது, மழைப் பருவத்தின் கடைசி. தை பாதிக்குமேல், மாசியில், கிணறுகள் நிறைந்து கிடக்கும், கல்மதில்களுக்கு நடுவே புல் எழுந்திருக்கும், குதிரைகளுக்குச் சதை பிடித்திருக்கும், மண்டைதீவுப் பக்கக் களப்பில் வலசைப் பறவைகள் இன்னும் திரும்பிப் போயிருக்காது. மார்கழி விடுமுறைக்கு வந்த வெளிநாட்டு உறவினர்களும் பெட்டி கட்டியிருப்பார்கள். மயிலாப்பூருக்கும் இது தோதான நேரம். சபாக்களில் கச்சேரி சீசன் முடிந்து, கேண்டீன் பந்தல் பிரித்து, பொங்கலும் ஆகி, அறுபத்துமூவருக்கு இன்னும் நாள் இருக்கும். மாசியில் கச்சத்தீவு அந்தோனியார் திருவிழா வரும் இரண்டு நாளை மட்டும் தவிர்த்துக்கொள்வது நல்லது. இறங்குதுறைகளின் கவனமெல்லாம் அப்போது அந்தப் பக்கம் இருக்கும்.

வாடைக் காற்றின் மிச்சம் தையில் இருக்கும், சில நாள் கடல் குலுக்கும் என்று மறுப்பு வரலாம். வரட்டும். குலுக்கும் கடலில் ஒரு நாள் தாமதமாகப் போவது நமக்குத்தான் நஷ்டம். வற்றிய கிணற்றில் ஒரு விருந்தினர் கூடினால் நஷ்டம் அவர்களுக்கு. இந்த இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

ஆகவே தீவகத்துக்கு வீட்டு வண்டி வேண்டாம். ஏழில் நான்கு தீவுக்குப் போகாத வண்டி, கழிவுக்கு இடமில்லாத பாறை, காலியான வீடுகள் என்று மூன்று காரணமும் தனித்தனியே போதுமானவை. புரட்டாசியில்தான் லீவு கிடைக்கும் என்பவர் போகலாம். ஆனால் யாழ்ப்பாணத்தில் தங்கி, குடிநீரைக் கையோடு கொண்டுபோய், பகலில் பார்த்துவிட்டுத் திரும்புவது முறை. மாசியில் போகிறவர் ஓட்டுநரோடு ஒரு சாதாரண வேனைக் குறிகட்டுவான் வரைக்கும் அமர்த்திக்கொண்டு, வேலணையிலோ நெடுந்தீவிலோ விருந்தினரை ஏற்கும் வீடொன்றில் ஓரிரு இரவாவது தங்கட்டும். வயதான பெற்றோர் இருந்தால் அந்த வீட்டைத் தேர்ந்தெடுக்கும்போதே கழிப்பறை எப்படி என்று கேட்டுவிட வேண்டும், கூச்சப்படாமல். நெடுந்தீவிலிருந்து திரும்பும் படகு எத்தனை மணிக்கு என்பதை முந்தைய நாள் மாலையே அந்த வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இணையத்தில் போட்டிருக்கும் நேரத்தை நம்பிப் பிரயோஜனமில்லை.